யூனிவர்சல் சுருதியமைப்பு (பெடல் ஸ்டீல் கித்தார்)

யூனிவர்சல் சுருதியமைப்பு என்பது, பெடல் ஸ்டீல் கித்தாரில் வழக்கமாக இரண்டு கழுத்துகளில் தனித்தனியே அமைக்கப்படும் ஈ9, சி6 ஆகிய இரு சுருதியமைப்புகளின் பயனையும் 12 தந்திகள் கொண்ட ஒரே கழுத்தில் பெறுவதற்கான முறையாகும். இம்முறையில் தந்திகள் ஈ9 சுருதியமைப்பில் சேர்க்கப்பட்டிருக்கும். ஒரு முழங்கால் நெம்புகோலை அழுத்தினால் ஈ சுரத்தில் உள்ள இரு தந்திகள் அரைச்சுரம் இறங்கும். அந்நிலையில் முழுக் கழுத்தும் பி6 என்னும் சுருதியமைப்பாக மாறிவிடும். பி6 என்பது சி6-ஐ விட அரைச்சுரம் தாழ்ந்தது என்பதைத் தவிர வேறு வேறுபாடு இல்லாதது. இதனால் இது ஈ9/பி6 யூனிவர்சல் என்றும் அழைக்கப்படுகிறது. இத்தகைய கருவி இசைக்கலைஞர்களிடையே எஸ்-12 யூ என்று சுருக்கமாகக் குறிக்கப்படும்.

இக்கட்டுரையில் சுரங்கள் ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி என்னும் மேற்கத்தியப் பெயர்களால் குறிக்கப்படுகின்றன. ♯ குறி அரைச்சுரம் உயர்ந்ததையும், ♭ குறி அரைச்சுரம் தாழ்ந்ததையும் காட்டும். ஒரு ஸ்தாயியில் 12 அரைச்சுரங்கள் உள்ளன. மேற்கத்திய இசையில் 'கார்டு' எனப்படுவது இங்குச் சுரக்கூட்டு எனப்படுகிறது.

கருவி செயற்படும் விதம்

பெடல் ஸ்டீல் கித்தார், ஹவாய்த் தீவுகளில் தோன்றிய ஸ்டீல் கித்தாரிலிருந்து ஐக்கிய அமெரிக்காவில் வளர்ந்த மின்னிசைக்கருவி ஆகும். கால்களின் மேல் மேசை போல நிற்கும் இக்கருவியின் முன் கலைஞர் அமர்ந்து, வலக்கை விரல்களில் அணிந்த மீட்டிகளால் தந்திகளை மீட்டுவார். இடக்கையில் உள்ள கனமான எஃகுத் தண்டு தந்திகளின் மேல் வழுக்கிச் செல்லும். கோட்டுவாத்தியத்தை (சித்திரவீணை) அறிந்தவர்களுக்கு இம்முறை புதிதன்று. ஸ்டீல் கித்தாரின் கழுத்தில் மெட்டுகள் போலத் தெரிபவை வெறும் அடையாளக் கோடுகளே. தந்தி அவற்றைத் தொடுவதில்லை.

நேரான தண்டு எல்லாத் தந்திகளையும் ஒரே மெட்டில்தான் தொடும். ஆகையால் தந்திகள் திறந்த நிலையில் எந்தச் சுரக்கூட்டைத் தருகின்றனவோ, அதே வகைச் சுரக்கூட்டைத்தான் ஒவ்வொரு மெட்டிலும் பெற முடியும். சாதாரணக் கித்தாரில் விரல்கள் செய்யும் வேலையைத் தண்டு செய்ய இயலாது. இக்குறையைப் போக்கவே பெடல்களும் முழங்கால் நெம்புகோல்களும் சேர்க்கப்பட்டன. பெடலை மிதிக்கும்போது கருவியின் அடியில் உள்ள உலோகக் கம்பிகள் 'சேஞ்சர்' எனப்படும் பொறியமைப்பை இழுக்கின்றன. குறிப்பிட்ட சில தந்திகளின் இழுவிசை அதனால் கூடும் அல்லது குறையும்; மற்றத் தந்திகள் மாறா.

1954இல் வெளிவந்த வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' என்னும் பாடலில், தந்திகள் ஒலித்துக் கொண்டிருக்கும்போதே பட் ஐசக்ஸ் பெடலை மிதித்தார். நிற்கும் ஒரு சுரத்துக்கு எதிராக இன்னொன்று மெல்ல ஏறிச் சேரும் அந்த ஒலியே பின்னர் இக்கருவியின் அடையாளமாகிவிட்டது.

இரண்டு கழுத்துகள் ஏன்?

பெடல்கள் வருமுன்னர் ஸ்டீல் கித்தார்க் கலைஞர்கள் வெவ்வேறு சுருதியமைப்புகளுக்காக இரண்டு, மூன்று, நான்கு கழுத்துகள் கொண்ட கருவிகளைப் பயன்படுத்தினர். பெடல்கள் வந்த பின்னர் கழுத்துகளின் எண்ணிக்கை குறைந்தது. ஆயினும் இரண்டுக்குக் கீழே எளிதில் இறங்கவில்லை. ஒவ்வொன்றிலும் 10 தந்திகளுடன் இரு கழுத்துகள் கொண்ட டி-10 என்னும் வகையே தொழில்முறைக் கருவியாக நிலைபெற்றது. அதில் பொதுவாக 8 பெடல்கள் இருக்கும்: மூன்று ஈ9 கழுத்துக்கு, ஐந்து சி6 கழுத்துக்கு.

கலைஞருக்குத் தொலைவில் உள்ள கழுத்து ஈ9. இது நாஷ்வில் நகரத்துக் கன்ட்ரி இசையின் ஒலி. இதன் தந்திகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமான சுரங்களில் உள்ளன. மெல்லிசைப் போக்குக்கும், பாடகரின் குரலுக்குப் பின்னால் இழையும் அழுகை போன்ற நழுவலுக்கும் இது ஏற்றது. இதன் முதல் இரு தந்திகள் மூன்றாவது தந்தியை விடத் தாழ்ந்த சுரத்தில் இருப்பது புதிதாகக் காண்போரைக் குழப்பும். அவை பின்னாளில் மெல்லிசைக்கென்று சேர்க்கப்பட்டவை. 1962இல் அவற்றைச் சேர்த்தவர் பட்டி எம்மன்ஸ் (1937–2015).

அருகில் உள்ள கழுத்து சி6. சி, ஈ, ஜி, ஏ ஆகிய நான்கு சுரங்களால் ஆன இச்சுருதியமைப்பு, பெடல் இல்லாத கருவியை வாழ்நாள் முழுதும் வாசித்த ஜெர்ரி பேர்ட் (1920–2005) என்பவரோடு தொடர்புபடுத்தப்படுவது. பெடல்கள் சேர்ந்த சி6 கழுத்து கீழ்ஸ்தாயியில் ஆழமாக இறங்கும். டெக்சாஸ் பகுதியின் வெஸ்டர்ன் ஸ்விங், ஜாஸ் ஆகியவற்றின் செறிந்த சுரக்கூட்டுகள் இதில்தான் இயல்பாக அமைகின்றன.

ஒரு கழுத்து ஒலிக்கும்போது மற்றது வெறுமனே இருக்கும். கழுத்து மாறுவதற்கு ஒரு விசையைத் திருப்பி, கைகளையும் கால்களையும் இடம் மாற்ற வேண்டும். பாடலின் நடுவில், ஒரு சுரக்கூட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் இவ்வாறு மாறுவது எளிதன்று. இரண்டு கழுத்துகள் இரண்டு கருவிகளைப் போலவே கற்கப்படுகின்றன. ஈ9-ஐ நன்கு வாசிக்கும் பலர் சி6 கழுத்தைத் தொடுவதே இல்லை என்பது டி-10 கருவியைப் பற்றிய பழைய வேடிக்கை.

இரண்டும் சந்திக்கும் இடம்

பத்துத் தந்தி ஈ9-இல் ஈ சுரத் தந்திகளை (4, 8) டி♯-க்கு இறக்கும் நெம்புகோல் முன்பே வழக்கில் இருந்தது. அதை அழுத்தியபின் நடுத்தந்திகளில் எஞ்சும் சுரங்கள் பி, டி♯, எஃப்♯, ஜி♯. இவை பி6 சுரக்கூட்டின் நான்கு சுரங்கள் ஆகும். அதாவது சி6-இன் ஒரு பகுதி, அரைச்சுரம் தாழ்ந்து, ஈ9-க்குள் ஏற்கனவே இருக்கிறது. இல்லாதவை கீழ்ஸ்தாயித் தந்திகள் மட்டுமே. அவற்றைச் சேர்த்து, இடையூறாக உள்ள ஒரு தந்தியை நீக்கினால் யூனிவர்சல் சுருதியமைப்பு கிடைத்துவிடுகிறது.

12 தந்திகளின் சுரங்கள் வருமாறு. முதலாவது கலைஞருக்கு மிகத் தொலைவில் உள்ள தந்தி.

தந்தி – நெம்புகோல் இன்றி (ஈ9) – நெம்புகோலுடன் (பி6)
1 – எஃப்♯ – எஃப்♯
2 – டி♯ – டி♯
3 – ஜி♯ – ஜி♯
4 – ஈ – டி♯
5 – பி – பி
6 – ஜி♯ – ஜி♯
7 – எஃப்♯ – எஃப்♯
8 – ஈ – டி♯
9 – பி – பி
10 – ஜி♯ – ஜி♯
11 – ஈ – ஈ
12 – பி – பி

சி6 கழுத்தின் பத்துத் தந்திகள் மேலிருந்து கீழாக ஜி, ஈ, சி, ஏ, ஜி, ஈ, சி, ஏ, எஃப், சி என அமையும். ஒவ்வொன்றையும் அரைச்சுரம் இறக்கினால் எஃப்♯, டி♯, பி, ஜி♯, எஃப்♯, டி♯, பி, ஜி♯, ஈ, பி ஆகும். மேலுள்ள பட்டியலின் மூன்றாவது நிரலில் 2, 3 ஆகிய தந்திகளை விட்டுவிட்டுப் படித்தால் இதே வரிசை, இதே ஸ்தாயிகளில், ஒன்றும் குறையாமல் வருவதைக் காணலாம். பதினொன்றாம் தந்தி ஈ-யிலேயே நிற்பதும் பிழையன்று: சி6-இன் ஒன்பதாம் தந்தியான எஃப்-க்கு அது நிகரானது. பெயரில் வெகுதூரம் விலகியிருக்கும் இரு சுருதியமைப்புகளுக்கும் இடையே உள்ள உண்மையான தூரம் இரண்டு தந்திகளில் ஒவ்வொரு அரைச்சுரம் மட்டுமே.

12 தந்திகள் உடைய ஒற்றைக் கழுத்துக் கருவிகள் எல்லாம் யூனிவர்சல் அல்ல. ஈ9-க்குக் கீழே சில தந்திகளை மட்டும் சேர்த்த 'நீட்டிக்கப்பட்ட ஈ9' என்னும் வகையும் உண்டு.

பெடல்கள்

யூனிவர்சல் கருவியில் பொதுவாக 7 பெடல்கள் இருக்கும். முதல் மூன்றும் ஈ9-இல் ஏ, பி, சி எனப் பெயர் பெற்றவை. (பெடல்களின் இப்பெயர்களுக்கும் சுரப்பெயர்களுக்கும் தொடர்பில்லை.) ஏ பெடல் பி சுரத் தந்திகளை சி♯-க்கும், பி பெடல் ஜி♯ தந்திகளை ஏ-க்கும் உயர்த்தும். இரண்டையும் சேர்த்து மிதித்தால் ஈ மேஜர் ஏ மேஜராக மாறும். சி பெடல் நான்காம் தந்தியை எஃப்♯-க்கும் ஐந்தாம் தந்தியை சி♯-க்கும் ஏற்றும். எஞ்சிய நான்கும் சி6 கழுத்தின் 5, 6, 7, 8 ஆம் பெடல்களின் வேலையை அரைச்சுரம் தாழ்த்திச் செய்பவை.

ஆயினும் அந்த நான்கும் முழுமையாகத் தேவைப்படுவதில்லை. சி6-இன் ஏழாம் பெடல் சி-யை டி-க்கும் ஏ-யை பி-க்கும் உயர்த்துவது. பி6-இல் இது பி-யை சி♯-க்கும், ஜி♯-ஐ ஏ♯-க்கும் உயர்த்துவதாகும். முதற்பாதியை ஈ9-இன் ஏ பெடலே செய்துவிடுகிறது. ஆறாம் பெடலின் நிலை இதைவிடச் சுவையானது. அது சி6-இல் மேல் ஈ-யை எஃப்-க்கு உயர்த்தி, கீழ் ஈ-யை ஈ♭-க்கு இறக்கும். பி6-இல் இது நான்காம் தந்தியை டி♯-லிருந்து ஈ-க்கு உயர்த்துவதும், எட்டாம் தந்தியை டி♯-லிருந்து டி-க்கு இறக்குவதும் ஆகும். நான்காம் தந்தி ஈ-க்குத் திரும்புவது என்றால் நெம்புகோலை விடுவதே. எனவே நெம்புகோலை விட்டுவிட்டு, எட்டாம் தந்தியை மட்டும் டி-க்கு இறக்கினால் 12 தந்திகளிலும் அதே சுரங்கள் கிடைக்கும். சி6 கலைஞர் ஆறாம் பெடல் என்று கற்றதும், ஈ9 கலைஞர் ஏழாம் சுரத்தைச் சேர்ப்பது என்று கற்றதும் ஒன்றேதான். இரு கழுத்துகளில் வாசிக்கும்போது இந்த ஒற்றுமை கண்ணில் படுவது அரிது.

எட்டாம் பெடல் கீழ்த்தந்திகளுக்கு உரியது. பி6-இல் அது ஒன்பதாம் தந்தியை அரைச்சுரம் உயர்த்தி, பதினொன்றாம் தந்தியை டி♯-க்கும், பன்னிரண்டாம் தந்தியை பி-யிலிருந்து ஜி♯-க்கும் இறக்கும். கீழே சரியும் அதன் உறுமலைக் கொண்டு இதற்குக் கலைஞர்கள் 'பூ-வா' பெடல் என்று செல்லப்பெயர் இட்டுள்ளனர்.

எதிர்த்திசையிலும் ஆதாயம் உண்டு. நெம்புகோல் அழுத்திய நிலையில் பி பெடலை மிதித்தால் ஜி♯ ஏ ஆகி, பி6 பி7 ஆகிறது. ஏ பெடலையும் சேர்த்து மிதித்தால் நடுத்தந்திகளில் டி♯, எஃப்♯, ஏ, சி♯ ஆகியவை கிடைக்கும். பன்னிரண்டாம் தந்தியின் பி இவற்றுக்கு அடியில் நின்றால் அது முழுமையான பி9 சுரக்கூட்டு. தனி சி6 கழுத்தில் ஏ, பி பெடல்கள் செயற்படுவதில்லை. அங்கு இதைப் பெற வேறு ஏற்பாடு வேண்டும். இரண்டு சுருதியமைப்புகளையும் ஒன்றாக்கியதால் இரண்டிலும் இல்லாதது ஒன்று கிடைப்பதற்கு இது எடுத்துக்காட்டு.

டி சுரத்தின் இழப்பு

பத்துத் தந்தி ஈ9-இன் ஒன்பதாம் தந்தி டி. ஈ7 சுரக்கூட்டின் ஏழாம் சுரம் அதுவே. எஃப்♯, டி, பி என்று நெருங்கி இறங்கும் கீழ்த்தந்திகளின் பல பழகிய விரல்வரிசைகள் அதை நம்பியுள்ளன. பி6-இல் டி-க்கு இடமில்லை. எனவே யூனிவர்சலில் அத்தந்தி நீக்கப்பட்டு, பத்தாவதாக இருந்த பி ஒன்பதாவதாகிறது. ஈ9-இலிருந்து வருபவர் முதலில் உணரும் குறை இதுதான். வலக்கைப் பெருவிரல் பழகிய இடத்தில் பழகிய சுரம் இராது.

இதற்கு இரண்டு தீர்வுகள் வழக்கில் உள்ளன. ஒன்று, ஒன்பதாம் தந்தியை பி-யிலிருந்து டி-க்கு உயர்த்தும் ஒரு நெம்புகோல். மூன்று அரைச்சுரங்கள் ஏற்ற வேண்டியிருப்பதால் நெம்புகோல் நெடுந்தூரம் நகரும். டி ஒலிக்கும்போது அத்தந்தியில் பி இராது. மற்றது, மேலே கண்டவாறு எட்டாம் தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குவது. இதில் ஈ இழக்கப்படும். டி-யையும் அதன் இருபுறத்துச் சுரங்களையும் ஒரே வேளையில் பெறுவது என்பதில் பத்துத் தந்தி ஈ9-க்கு நிகர் இரண்டுமே அல்ல. யூனிவர்சல் முறையைக் குறை கூறுவோர் சுட்டும் காரணங்களுள் வலுவானது இது எனலாம். வாசிப்பவர் அந்தக் கீழ்த்தந்திகளை எவ்வளவு நாடுகிறார் என்பதைப் பொறுத்தே இழப்பின் அளவு அமையும்.

மெட்டுக் கணக்கு

சி6-இல் சி மேஜர் திறந்த தந்திகளிலும் 12ஆம் மெட்டிலும் கிடைக்கும். பி6-இல் அது 1ஆம், 13ஆம் மெட்டுகளுக்கு நகர்கிறது. எஃப் 5-லிருந்து 6-க்குச் செல்கிறது. சி6 கழுத்துக்கு எழுதப்பட்ட குறியீடுகளைப் படிப்போர் ஒவ்வொரு எண்ணுடனும் ஒன்றைக் கூட்ட வேண்டும். கூட்டல் எளிது, ஆனால் சி சுருதிப் பாடல்களில் திறந்த தந்திகளைக் கொண்டு அமைந்த வரிசைகள் இல்லாமற் போகின்றன. அவற்றை ஈடுசெய்ய வேறு சுருதியில்தான் வாசிக்க வேண்டும்.

ஒரே கழுத்தில் சி மேஜர் இப்போது மூன்று வழிகளில் கிடைக்கிறது: பெடல் இன்றி 8ஆம் மெட்டில், ஏ, பி பெடல்களுடன் 3ஆம் மெட்டில், நெம்புகோலுடன் 1ஆம் அல்லது 13ஆம் மெட்டில். இன்னொரு வகையில் நோக்கினால், தண்டை நகர்த்தாமல் ஒரே மெட்டில் ஈ, ஏ, பி ஆகிய மூன்றும், அதாவது கன்ட்ரி பாடல்களின் பெரும்பகுதிக்குத் தேவையான மூன்று அடிப்படைச் சுரக்கூட்டுகளும் கிடைத்துவிடுகின்றன. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஸ்டீல் கித்தார் ஆசிரியரும், 12 தந்தி யூனிவர்சலைப் பரவலாக்கியவருமான ஜெஃப் நியூமன் (மறைவு 2004) இவ்வாறு நோக்கியவர்களுள் ஒருவர். இவ்வழியில் செல்வோர் தம் கருவியை இரண்டு சுருதியமைப்புகளின் தொகுப்பாகக் கருதுவதில்லை. ஒரே பெரிய சுருதியமைப்பு, அதில் ஒரு நெம்புகோல் என்பதே அவர்களது பார்வை. இப்பார்வை வாய்க்காதவருக்கு யூனிவர்சல் என்பது டி-10 கருவியின் சுருக்கப் பதிப்பாக மட்டுமே தோன்றும்.

நெம்புகோல் எந்த முழங்காலில்?

பி6 நிலையில் ஒரு முழுப் பாடலை வாசிக்க வேண்டுமாயின் நெம்புகோலைப் பாடல் முழுவதும் முழங்காலால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இடக்கால் பெடல்களின் வரிசை நெடுகிலும் நகரவேண்டியது. கடைசிப் பெடல்களுக்குச் செல்லும்போது இடமுழங்காலால் நெம்புகோலைப் பிடித்திருப்பது பலருக்கு இயலாது. எனவே ஈ-யை இறக்கும் நெம்புகோலை வலமுழங்காலுக்கு மாற்றுவது யூனிவர்சல் கருவிகளில் பரவலாக உள்ளது. வலக்கால் ஒலியளவுப் பெடலின் மேல் நிலையாக இருப்பதால் முழங்காலைச் சாய்த்துப் பிடிப்பது அங்கு எளிது. நெம்புகோலை அழுத்திய நிலையிலேயே நிறுத்திவைக்கும் பூட்டு ஒன்றைப் பொருத்துவோரும் உளர். பூட்டு காலுக்கு ஓய்வளிக்கும். ஆனால் கணந்தோறும் இரு நிலைகளுக்கும் இடையே போய்வரும் வசதி அதனால் தடைப்படும். அவ்வசதிக்காகவே யூனிவர்சலை நாடியவர்கள் பூட்டை விரும்புவதில்லை.

பொறியமைப்பும் இம்முறையில் கூடுதலாக உழைக்கிறது. எட்டாம் தந்தியை மட்டும் எடுத்துக்கொண்டால், எஃப்-க்கு ஓர் ஏற்றம், டி♯-க்கு ஓர் இறக்கம், டி-க்கு மற்றோர் இறக்கம். ஒரே தந்திக்கு ஓர் இறக்கத்தை மட்டும் அனுமதிக்கும் சேஞ்சர் இங்குப் போதாது.

பி♭6 வழி

இதே எண்ணத்தைத் தலைகீழாகச் செயற்படுத்துவதும் உண்டு. டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸில் எம்எஸ்ஏ நிறுவனத்தைத் தொடங்கியோருள் ஒருவரான மாரிஸ் ஆண்டர்சன், 12 தந்திகளில் பி♭6-ஐ அடிப்படையாகக் கொண்டு வாசித்தார். பி♭6-இன் சுரங்கள் பி♭, டி, எஃப், ஜி. இதில் டி-யை ஈ♭-க்கு உயர்த்தினால் ஈ♭9-இன் அமைப்பு கிடைக்கும். இங்கு ஆறாம் சுருதியமைப்பே ஓய்வுநிலை. கன்ட்ரி ஒலிக்குத்தான் முழங்கால் உழைக்க வேண்டும். ஸ்விங், ஜாஸ் ஆகியவற்றை மிகுதியாக வாசிப்போருக்கு இது பொருந்தும். இவ்விரு வழிகளுள் எதைத் தேர்வது என்பது, பாடலின் பெரும்பகுதியில் முழங்கால் எங்கே ஓய்ந்திருக்க வேண்டும் என்னும் கேள்வியே ஆகும்.

சுருதி சேர்த்தல்

பெடல் ஸ்டீல் கலைஞர்களுள் பலர் மேஜர் சுரக்கூட்டின் மூன்றாம் சுரத்தைச் சம இடைவெளிச் சுருதியை விடச் சற்றுத் தாழ்த்தியே சேர்ப்பர். ஈ மேஜரில் ஜி♯ அத்தகைய சுரம். பி6-இல் அதே ஜி♯ ஆறாம் சுரமாகிறது. இரு வேலைகளுக்கும் ஒரே சுருதி பொருந்துமா என்னும் ஐயம் எழலாம். பொருந்தும்: ஈ-க்கும் ஜி♯-க்கும் 4:5, ஈ-க்கும் பி-க்கும் 2:3 என்னும் விகிதங்களைக் கொண்டால், பி-க்கும் அதற்கு மேலுள்ள ஜி♯-க்கும் இடையே 3:5 என்னும் தூய ஆறாம் சுரம் தானாகவே அமையும். எஃப்♯-உம் டி♯-உம் இவ்வாறே ஒத்துப்போகின்றன. நெம்புகோலை அழுத்தும்போது சரிபார்க்க வேண்டியது டி♯ எவ்விடத்தில் வந்து நிற்கிறது என்பதை மட்டுமே.

பயன்பாடு

இரட்டைக் கழுத்துக் கருவி பெட்டியுடன் சுமார் 30 கிலோகிராம் எடை கொண்டது. ஊர் ஊராகச் சென்று வாசிப்போருக்கும் வயது முதிர்ந்தோருக்கும் ஒற்றைக் கழுத்துக் கருவி பெரும் ஆறுதல். தொலைவில் உள்ள கழுத்துக்குக் கையை நீட்டிக் கொண்டிருக்கவும் வேண்டாம். இரட்டைக் கழுத்துக்குரிய அகன்ற உடலில் ஒரே கழுத்தைப் பொருத்தி, மீதி இடத்தில் கை வைக்க மெத்தைப் பலகை அமைக்கும் கருவிகளும் உள்ளன. எடை குறைப்பதை மட்டும் நோக்கமாகக் கொள்ளாதவர்கள் இதை வாங்குவர்.

எனினும் பாடநூல்களும் பயிற்சி ஒலிப்பதிவுகளும் பெரும்பாலும் பத்துத் தந்தி ஈ9-க்கும் சி6-க்கும் எழுதப்பட்டவை. யூனிவர்சலைக் கற்பவர் தந்தி எண்களையும் மெட்டு எண்களையும் தாமே மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது. முதல் எட்டுத் தந்திகள் இருவகைக் கருவிகளிலும் ஒன்றே ஆதலால் ஈ9 பாடங்களில் இத்தொல்லை குறைவு. சி6 பாடங்களில் முதல் தந்தி முதல் தந்தியாகவே இருக்கும். இரண்டாவது முதல் பத்தாவது வரை உள்ள எண்களுடன் இரண்டைக் கூட்டினால் யூனிவர்சலின் தந்தி எண் கிடைக்கும்.